முதல் பகுதிக்குப் பிறகு ஒரு கைதட்டல்

மகள் சுகந்தி,

இதை எழுதுவது நானேதான். அம்மா எழுதித் தரவில்லை. தபால் கந்தோருக்கு முன்னால் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவரிடமும் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் தொடங்கினேன், இன்று வெள்ளிக்கிழமை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. 'ழ' வரும்போதெல்லாம் பேனை தானாக நின்றுவிடுகிறது. நாற்பது வருடம் பியானோ தூக்கிய கை இது. ஆறு அங்குல பேனைக்கு இப்படி வியர்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனாலும் எனக்கு வருகிற சந்தோஷத்தை இந்தக் கடதாசிக்குள் அடைக்க முடியவில்லை. ஒரு வரி முடிந்ததும் எழுந்து போய் அம்மாவிடம் காட்டுகிறேன். "இடியாப்பம் பிழியிற கைய நிறுத்திட்டு நீங்க எழுதின 'க'வைப் பாக்கணுமா?" என்று திட்டுகிறாள். பிறகு பார்க்கிறாள்.

போன சனிக்கிழமை நீ வந்து போன பிறகு அம்மா ஒரு மாதிரியாக இருந்தாள். ஒரே சட்டியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். என்னவென்று கேட்டேன். "அவ கேக்குறா, அப்பாவுக்கு நான் வாசிக்கிறது புடிக்காதான்னு. நா என்னான்னு சொல்றது?" என்றாள். இந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை மண்டபத்தில் நீ வாசிக்கிறாய். புதன்கிழமை விமானம் ஏறி, இரண்டு வருடம் படிக்க வியன்னாவுக்குப் போகிறாய். ஆறு வருடமாக நீ வாசித்த எந்த மண்டபத்துக்கும் நான் வந்ததில்லை. அப்பாவுக்கு என் வாசிப்புப் பிடிக்காது என்ற நினைப்போடு நீ விமானம் ஏறிவிடக்கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நாளை அம்மா உன் அறைக்கு மீன்குழம்பு கொண்டு வரும்போது இதையும் கொண்டு வருவாள். முதலில் இதை வாசி. குழம்பு ஆறினால் சூடாக்கலாம்.

என் வேலை உனக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு வழக்கத்தை உனக்கு நான் விளக்கிச் சொன்னதே இல்லை. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். தேயிலைத் தோட்டத்திலிருந்து பதினெட்டு வயதில் கொழும்புக்கு இறங்கினேன். முதலில் புறக்கோட்டையில் அரிசி மூட்டை சுமந்தேன். பிறகுதான் கொட்டாஞ்சேனை ஸ்டீபன் முதலாளியின் லொறிக்கு வந்தேன். அரிசி மூட்டையை ஒருவன் தனியாகச் சுமக்கலாம். பியானோவை ஆறு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும், அதில் ஒருவன் அவசரப்பட்டாலும் மற்ற ஐந்து பேருடைய முதுகும் போய்விடும். எங்கள் குழுவுக்குத் தலைவர் பியதாச அய்யே, எங்கள் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி. நான் சேருவதற்கு முன்பே ஒரு பியானோவின் அடியில் சிக்கி அவருடைய இடது சுண்டுவிரலின் நுனி போயிருந்தது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பியானோவைத் தரையில் இறக்கியவுடன் "அத்!" என்று கத்துவார். சிங்களத்தில் கைகள் என்று பொருள். உடனே ஆறு பேரும் இரண்டு தரம் பலமாகக் கைதட்ட வேண்டும். பன்னிரண்டு கையும் வெளியே இருக்கின்றன என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஒருவன் தட்டாவிட்டாலும் மற்றவர்கள் அந்த நொடியே மறுபடி தூக்குவார்கள். போகப்போக அவர் கத்தாமலேயே கை தட்டப் பழகிவிட்டது. இறக்கிவிட்டோம், ஒன்றும் உடையவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியும் சந்தோஷமும் எங்களுக்கு அந்த இரண்டு தட்டிலேயே வந்து சேர்ந்தன.

சண்டை தொடங்கிய பிறகு எங்களுக்கு வேலை கூடிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். வெள்ளவத்தையிலும் ஹெவ்லொக் டவுனிலும் வீடு வீடாகப் பூட்டிக்கொண்டு கனடாவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். நகையைக் கொண்டு போனார்கள், சாமிப் படத்தைக் கொண்டு போனார்கள். பியானோவை யாரால் கொண்டு போக முடியும்? முதலாளி அவற்றை வாங்கிக் கிடங்கில் அடுக்கினார். ஒரு காலத்தில் பதினொரு பியானோக்கள் நின்றன, சாக்குப் போர்த்தி, மழைக்கு ஒதுங்கிய எருமைகள் மாதிரி. பாடசாலையில் கன்னியாஸ்திரி மதர் உனக்குச் சொல்லிக் கொடுத்ததை நீ பின்னேரங்களில் அங்கே வந்து வாசித்தாய். நாட்டில் இருக்கிற பணக்காரப் பிள்ளைகளுக்குக்கூட வீட்டில் ஒரு பியானோதான். என் பிள்ளைக்குப் பதினொன்று. "இண்டைக்கு டாக்டர் வீட்டுப் பியானோ, நாளைக்கு அப்புக்காத்து வீட்டுப் பியானோ" என்று டாக்டரும் வக்கீலும் விட்டுப்போனவற்றில் முறை வைத்து வாசித்தாய். முதலாளியும் தடுக்கவில்லை. "வாசி மகள், வாசிச்சா பூச்சி புடிக்காது" என்பார்.

ஒரு நாள் ஆமிக்காரர்கள் கிடங்கைச் சோதிக்க வந்தார்களே, நினைவிருக்கிறதா? பதினொன்றையும் கழற்றிக் காட்டச் சொன்னார் அந்த அதிகாரி. கழற்றினால் பூட்ட இரண்டு நாள் ஆகும். உனக்குப் பதினான்கு வயது. நீ போய் அவர் முன்னால் நின்று சிங்களத்தில் சொன்னாய்: "உள்ளே ஏதாவது ஒளித்து வைத்திருந்தால் கம்பி பேசாது, சேர். நான் வாசித்துக் காட்டுகிறேன், நீங்கள் கேட்டுப் பாருங்கள்." அவருக்கு என்ன தோன்றியதோ, ஒரு பலகைப் பெட்டியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பியானோவிலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விரலை ஓட்டிவிட்டு ஒரு சின்னத் துண்டு வாசித்தாய். ஏழாவதில் அவர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஒன்பதாவதில், "இது கொஞ்சம் சரியில்லை" என்றார். ஆளுக்குக் காது இருந்திருக்கிறது! உண்மையிலேயே அது சுருதி இறங்கிய பியானோதான். பியதாச அய்யே அன்று முழுக்க, "உன் மகளை அடுத்த தேர்தலில் நிறுத்துவோம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இனி என் தப்புக்கு வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன், உனக்குப் பதினெட்டு வயதில், வெள்ளவத்தை மண்டபத்தில் உன் முதல் கச்சேரி. அன்று காலையில் அந்தப் பியானோவை மேடையில் ஏற்றியது நாங்கள்தான். பின்னேரம் முதலாளியின் காற்சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டினேன். பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்தேன். முன்னாலும் பின்னாலும் பட்டுச்சேலைகள், விசிறிகள், வாசனை. நீ வாசித்தது சொனாட்டா என்று எனக்கு அப்போது தெரியாது. சொனாட்டா என்றால் இரண்டு மூன்று பகுதிகள் இருக்கும், பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே கொஞ்சம் நிறுத்துவார்கள், அந்த இடத்தில் சபையில் ஒருவர் தும்முவதுகூடக் குற்றம் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்தது வேறு. என் பிள்ளை பெரியதொரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஒடுங்கிய மாடிப்படியில் ஏறுகிறாள். படி திரும்புமிடத்தில் கொஞ்சம் தடுமாறுவது போலிருக்கிறது, ஆனால் சாய்த்துத் திருப்பிக்கொள்கிறாள். கடைசிப் படி வந்ததும் மெல்ல, மெல்ல, தரை நோகாமல் இறக்கி வைக்கிறாள். நீ கையை எடுத்து மடியில் வைத்தாய். என் கை என்னைக் கேட்கவில்லை. பட், பட்.

அந்த மண்டபத்தில் வேறு ஒரு கையும் அசையவில்லை. இரண்டு தட்டோடு நிறுத்தியிருக்கலாம். மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள் என்று நினைத்து இன்னும் நாலைந்து தட்டினேன். பியானோ தூக்கிய கை, பலகையில் பலகை மோதுகிற சத்தம். தலைகள் எல்லாம் திரும்பின. எனக்குப் பின்னால் ஒரு அம்மா, "ஆர் உந்த மனுசன்?" என்றார். பக்கத்திலிருந்தவர், "காலமை பியானோ தூக்கிக்கொண்டு வந்த ஆளெல்லே. இறக்கி வச்சிட்டுப் போகாமல் இருந்திட்டார் போல" என்றார். இரண்டு பேரும் விசிறிக்குள் சிரித்தார்கள். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். நீ இரண்டாம் பகுதியைத் தொடங்கினாய். தொடங்கிய உடனே பிழை விட்டாய். நிறுத்தினாய். உன் தோள் குலுங்கியது. என்னால்தான் என் பிள்ளை அத்தனை பேர் முன்னால் அழுகிறாள் என்று நினைத்தேன். நீ மறுபடி தொடங்கியபோது நான் அங்கே இல்லை. வெளியே காலி வீதியில் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். நீ முடித்துவிட்டுப் பார்த்தபோது என் நாற்காலி காலியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இந்த நாளைப் பத்தி இந்த வீட்டில இனி ஒரு பேச்சும் வேணாம்" என்றேன். அந்தக் குரலில் நான் அவளிடம் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. மறுநாள் நீ, "அப்பா, நேத்து..." என்று தொடங்கினாய். லொறி நிற்கிறது என்று செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன். அதற்குப் பிறகு நீ கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு தரம் காய்ச்சல், ஒரு தரம் நீர்கொழும்புக்கு லோட், ஒரு தரம் பாதை மூடியிருக்கிறது. பாதை மூடித்தான் இருந்தது, ஆனால் பொரளைப் பக்கம். வெள்ளவத்தைக்குப் போகிற பாதை நன்றாகத் திறந்திருந்தது. இடுப்பு வலி என்று ஒரு தரம் சொன்னேன். அன்று பின்னேரம் பியதாச அய்யேயோடு மட்டக்குளிக்கு நடந்து போய் மீன் வாங்கி வந்தேன். நீயும் அந்த மீனைச் சாப்பிட்டாய்.

ஒளிந்துகொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது, மகள். எழுத வாசிக்கத் தெரியாததை நாற்பது வருடம் ஒளித்து வைத்தவன் நான். உன்னையும் அம்மாவையும் தவிர யாருக்கும் தெரியாது. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூக்குக் கண்ணாடி இருக்குமே, அதைப் பற்றி நீ கேட்டதில்லை. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய வெறும் கண்ணாடி அது. யாராவது ஒரு துண்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இது கிட்டப் பார்க்கிற கண்ணாடி இல்லை, மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன், நீங்களே வாசிங்க" என்பேன். வீட்டிலிருப்பவர்களைப் பொலிசில் பதிகிற படிவம் வரும்போதெல்லாம் நீதான் நிரப்பினாய், நான் பெருவிரலை மை பூசி வைத்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே என் அடையாள அட்டையை எத்தனை சோதனைச் சாவடிகளில் நீட்டியிருப்பேன்! என் பெயர்தான் இருக்கிறது என்ற நம்பிக்கைதான்.

நீ வியன்னாவுக்குப் போவது முடிவானதும் ஒரு யோசனை வந்தது. உன் கடிதங்களை அம்மா வாசித்துச் சொல்வாள், சரி. ஆனால் அம்மா தனக்குப் பிடிக்காத இடத்தைத் தாண்டிவிடுவாள். உனக்குக் காய்ச்சல் என்று எழுதினால் அது எனக்கு வந்து சேராது. அதனால்தான் அன்று வெட்கத்தை விட்டு, எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடு என்று உன்னிடம் கேட்டேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு பெரிய சீஆர் கொப்பியோடு வந்தாய். பக்கத்துக்கு ஐந்து வரி, ஒவ்வொரு எழுத்தும் பாக்கு அளவு. சின்னப் பிள்ளைகளின் நாய்க்குட்டிக் கதை இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். நீ யாருடைய சொனாட்டாக்களை வாசிக்கிறாயோ அவருடைய வாழ்க்கையை முழுக்க எனக்காக எழுதியிருந்தாய். அவருடைய பெயரை எழுத்துக் கூட்டவே இரண்டு நாள் போயிற்று, நாக்கு இன்னும் புரளவில்லை. ஆகவே எனக்கு அவர் வியன்னா ஐயா. அம்மாவும் இப்போது அப்படித்தான் சொல்கிறாள். "என்னா, இன்னைக்கு வியன்னா ஐயாவுக்கு சாப்பாடு கிடைச்சிச்சா?" என்று கேட்பாள்.

ஜெர்மனியில் ஒரு பாட்டுக்காரருக்குப் பிறந்தார். அந்தத் தகப்பன் குடிகாரன், பிள்ளையை அடித்து வாசிக்க வைத்தான் என்ற பக்கத்தில் எனக்கு வந்த கோபத்தில் எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. இளவயதில் வியன்னாவுக்கு வந்தார், பெரிய வீடுகளில் வாசித்தார், கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தார். முப்பது வயதுக்குள் காது கேட்காமல் போகத் தொடங்கியது. முப்பத்திரண்டு பியானோ சொனாட்டாக்களில் கடைசிச் சிலவற்றைத் தன் காதால் கேட்காமலேயே எழுதினார். மற்றவர்களுக்கு இது பெரிய அதிசயமாக இருக்கலாம். எனக்கு இல்லை, மகள். பியானோவை நான் முதலில் கேட்டது காதால் அல்ல. தோளில் ஏற்றி நடக்கும்போது உள்ளே இருக்கிற கம்பிகள் எல்லாம் உறுமிக்கொண்டே வரும். அந்த உறுமல் தோள் எலும்பு வழியாகப் பல்லுக்கு வரும். எந்தப் பியானோ நல்லது, எது உள்ளே வெடித்திருக்கிறது என்று காதைப் பொத்திக்கொண்டே சொல்வோம். வியன்னா ஐயாவும் எலும்பால் கேட்டிருப்பார். இதை எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் என் பெயரில் எழுதிக்கொள்.

சில இடங்களில் எனக்கு அவரோடு சண்டை. மனுசன் ஒரு வீட்டில் நிலையாக இருந்ததில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு வீடு மாறியிருக்கிறார், அதுவும் மாடி வீடுகள். அந்தப் பியானோவை ஒவ்வொரு தரமும் இறக்கி ஏற்றியவர்கள் யார்? அவர்களைப் பற்றி உன் கொப்பியில் ஒரு வரி இல்லை. பியானோவின் கால்களை அறுத்துத் தரையில் வைத்து வாசித்தார் என்று ஒரு கதை உண்டு என்று எழுதியிருக்கிறாய். உண்மையோ பொய்யோ, கால் இல்லாத பியானோவை எங்கே பிடித்துத் தூக்குவது? ஆனால் ஒரு பக்கத்தில் மனம் குளிர்ந்தது. லண்டனில் பியானோ செய்கிற ஒருவர் அவருக்கு ஒன்றைப் பரிசாக அனுப்பினார், அது கப்பலில் வந்து, மலைகளைத் தாண்டி வண்டியில் போய்ச் சேர்ந்தது என்று இருந்தது. அந்தப் பக்கத்தை நாலு தரம் வாசித்தேன். பியதாச அய்யேக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்து, "மலையில் எத்தனை பேர் பிடித்தார்களாம்?" என்றார். அதை நீ எழுதவில்லை. வியன்னாவில் விசாரித்து எழுது, அவர் காத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை, நீ அம்மாவிடம் அப்படிக் கேட்டுவிட்டுப் போன மறுநாள், கொப்பியில் ஒரு புதுப் பக்கத்துக்கு வந்தேன். பாணைத் தேநீரில் தோய்த்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். 'அந்தக் காலத்தில் சபையில் இருந்தவர்கள் எல்லாப் பகுதியும் முடியும்வரை காத்திருக்கவில்லை. ஒரு பகுதி பிடித்திருந்தால் உடனே கைதட்டினார்கள். திரும்ப வாசிக்கச் சொல்லியும் கத்தினார்கள்.' பிழையாக வாசித்துவிட்டேனோ என்று விரல் வைத்து மறுபடி வாசித்தேன். பாண் துண்டு கோப்பைக்குள் விழுந்து கரைந்துவிட்டது.

"ஏய், இங்க வா!" என்று கத்தினேன். "நா சரியாத்தான் தட்டியிருக்கேன்!"

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னாத்த தட்டினீங்க? எது ஒடஞ்சிச்சு?"

நான் அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆறு வருடமாக இந்த வீட்டில் பேசாத பேச்சை நானே தொடங்கியது அவளுக்குப் புரிந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரியாத்தான் தட்டியிருக்கீங்க. இருநூறு வருசம் பிந்தித் தட்டியிருக்கீங்க, அவ்வளவுதான்."

"எனக்கென்ன சரியாத் தட்டி? புள்ள அழுதுச்சே."

"யார் அழுதா? அவ சிரிச்சா."

எனக்கு விளங்கவில்லை. அம்மா சொன்னாள்: "தட்டுற சத்தத்தைக் கேட்டதும் அது நீங்கதான்னு அவளுக்குத் தெரிஞ்சிருச்சாம். கிடங்குல பியானோ எறக்கினதும் கேக்குற சத்தமாம். ஆறு பேர் தட்டினாலும் உங்க தட்டு தனியாத் தெரியுமாமே. அதை அந்த மேடையில கேட்டதும் சிரிப்பை அடக்க முடியலையாம். அதுலதான் வெரல் வழுக்கிச்சாம். அன்னைக்கு வந்து என்கிட்ட வயித்தப் புடிச்சிகிட்டு சிரிச்சா. அப்புறம், அப்பா ஏன் எந்திரிச்சுப் போனாருன்னு கேட்டா. அதுக்குத்தான் எனக்கு பதில் தெரியல."

"ஏன்டி இத்தன வருசமாச் சொல்லல?"

"இந்த வீட்டில ஒரு பேச்சும் வேணாம்னது யாரு? நானா?"

சுகந்தி, அப்போது எனக்கு வந்த சிரிப்பை எப்படி எழுதுவது என்று இன்னும் படிக்கவில்லை. அம்மாவும் நானும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன, லொத்தரில பரிசு விழுந்திட்டுதா?" என்றாள். சிரித்து முடிந்த பிறகு ஆறு வருடத்தை எண்ணிப் பார்த்தேன், அங்கே கொஞ்சம் வலித்தது. நீ சிரித்த ஒரு சிரிப்பை அழுகை என்று நினைத்து, அதிலிருந்து ஓடி ஒளிந்து, உன்னுடைய எத்தனை சொனாட்டாக்களை நான் கேட்காமல் விட்டுவிட்டேன்! அந்த இரண்டு அம்மாமார் சொன்னதிலும் பிழையில்லை. பியானோ தூக்கிக்கொண்டு வந்த ஆள்தான் நான். அதற்குப் போய் வெட்கப்பட்டதுதான் பிழை. அவர்கள் சொன்னபோது திரும்பி, "ஓம், வாசிக்கிறதும் என் பிள்ளைதான்" என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

அன்றே அடுத்த பக்கத்தையும் வாசித்தேன். காது கெட்டுப்போன புதிதில் வியன்னா ஐயா மனிதர்களை விட்டு விலகி இருந்தாராம். ஆட்களைப் பிடிக்காது, திமிர் என்று ஊர் நினைத்தது. உண்மையில் அவருக்குக் காது கேட்கவில்லை, அதைச் சொல்ல வெட்கம். அதை எல்லாம் விளக்கித் தன் தம்பிமாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எழுதியவர் அனுப்பவில்லை. அவர் செத்த பிறகுதான் அவருடைய சாமான்களுக்குள்ளிருந்து அது கிடைத்தது. முப்பத்திரண்டு சொனாட்டா எழுதத் தைரியம் இருந்த மனுசனுக்கு ஒரு கடிதத்தைக் கொடுத்துவிடத் தைரியம் வரவில்லை. கொப்பியை மூடிவிட்டுக் கடைக்குப் போய் எழுதுகிற கொப்பி ஒன்றும் நீலப் பேனை ஒன்றும் வாங்கி வந்தேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். அங்கே தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல். என்னுடைய கண்ணாடி மாதிரி ஒன்றை நீ வைத்துக்கொள்ளாதே, அது சட்டைப் பையில் கனக்கும். யாராவது எழுந்து போனால் ஏன் போனாய் என்று அன்றைக்கே கேட்டுவிடு, செருப்பைப் பிடித்து நிறுத்தியாவது கேள். காய்ச்சல் வந்தால் அதை எனக்குத் தனித் தாளில் எழுது. உன் அறைக்குப் பியானோ வரும்போது தூக்கி வருபவர்களுக்குப் பின்னால் படியில் நிற்காதே, இறக்கிய பிறகு அவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடு. மேடையில் சிரிப்பு வந்தால் சிரி. விரல் வழுக்கினால் மறுபடி தொடங்கலாம் என்று நீயே அன்று காட்டியிருக்கிறாய், நான்தான் பார்க்காமல் போய்விட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீ வாசிக்கப்போவது அவருடைய கடைசிச் சொனாட்டா என்று அம்மா சொன்னாள். அதில் இரண்டே பகுதிகள்தானாம். ஆகவே நான் பிழை விடக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இடிக்கட்டும். எனக்குப் பிடித்துவிட்டால் நான் பொறுப்பில்லை.

நானும் அம்மாவும் இரண்டு மணி பஸ்ஸில் வருவோம். வழியில் சாவடியில் எல்லோரையும் இறக்கி அட்டையைப் பார்ப்பார்கள், "கொஹெத யன்னே?" என்று கேட்பார்கள். எங்கே போகிறாய் என்ற அந்தக் கேள்விக்கு இத்தனை வருடமும் நான் சொன்ன பதில் "வெடட்ட", வேலைக்கு. வேலை இல்லாத நாளிலும் அதைத்தான் சொன்னேன், அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். இந்தத் தடவை அப்படிச் சொல்லப் போவதில்லை. "மகே துவ பியானோ வாயனவா, அஹன்ன யனவா" என்று சொல்லப் போகிறேன். என் மகள் பியானோ வாசிக்கிறாள், கேட்கப் போகிறேன். அந்த ஆமிப் பையன் நம்பாவிட்டால் டிக்கெட்டை எடுத்துக் காட்டுவேன். நேற்றுத்தான் அம்மா அதை என் கையில் தந்தாள். மேலே தமிழில் உன் பெயர் அச்சடித்திருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, அவனுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சத்தமாக வாசித்துக் காட்டுவேன்.

உன் அப்பா